டயக்னாசிஸ் – பழுதுநாடல்

"ஸ்கேன் போட்டுப் பார்த்துட்டோம், சென்சார் போயிடுச்சு." செக் என்ஜின் விளக்கு எரிகிற காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஸ்கேன் போட்டாலே டயக்னாசிஸ் முடிந்துவிட்டது என்ற எண்ணம் இதில் இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருளே வேறு.

டயக்னாசிஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'டியா' என்பது ஊடாக, தனித்தனியாக என்ற பொருள் தரும் முன்னொட்டு. 'க்னோசிஸ்' என்றால் அறிதல். ஒன்றுபோலத் தோன்றுபவற்றைப் பிரித்தறிவதுதான் டயக்னாசிஸ். மருத்துவர்களின் சொல்லாக இருந்து பிறகு இயந்திரங்களுக்கும் வந்தது. கார் தன் பழுதைத் தானே கண்காணித்துப் பதியும் அமைப்புக்கு ஓபிடி, அதாவது 'ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்' என்று பெயர். அதில் உள்ள 'டி' இதுதான். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயம். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட் அதற்குரியது.

அதில் ஸ்கேனரைச் செருகினால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பதிந்து வைத்த பழுதுக் குறியீடு கிடைக்கும். பி0301 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று அது சொல்லாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள என்ஜினாக இருந்தால், சாவியை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பார்க்கலாம். குறியீடும் பி0302 என்று இடம் மாறினால் காயில்தான் கோளாறு. மாறாவிட்டால் அடுத்ததைத் தேட வேண்டும். இந்தப் பிரித்தறியும் வேலைக்குத்தான் டயக்னாசிஸ் என்று பெயர்.

பி0171 வந்தால் பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். கலவையில் பெட்ரோல் குறைவு என்று அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். வாக்குவம் குழாயில் விரிசல் இருக்கலாம், எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கலாம். நல்ல உறுப்பைக் கழற்றி எறிவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பழுதுபார்த்தல்' ரிப்பேருக்குப் போய்விட்டது. 'பழுது கண்டறிதல்' பரவலாக இருக்கிறது, தவறில்லை. ஆனால் அது முடிவைச் சொல்கிறது, தேடலைச் சொல்லவில்லை. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற 948-ஆம் குறள் நோயையும் நோயின் காரணத்தையும் தனித்தனியாக நாடச் சொல்கிறது. அந்த வழியில் 'பழுதுநாடல்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குறியீடு காட்டுவது பழுது. அதன் காரணம் 'பழுதுமுதல்'. சென்சாருக்கு 'உணரி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. குறியீட்டோடு பதிவாகும் ஃப்ரீஸ் ஃப்ரேமை 'உறைநிலைப் பதிவு' எனலாம்.

நாடும்போது பழுதைப் பெருக்கிவிடக் கூடாது, ஆளுக்கும் ஆபத்து வரக் கூடாது. சாவி ஆனில் இருக்கையில் ஈசியூ கனெக்டரைக் கழற்றாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரை எடுத்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்பும் மின்னழுத்த எழுச்சி ஈசியூவைக் கருக்கிவிடக்கூடும். பல சென்சார்களுக்குப் போவது 5 வோல்ட்தான். அந்த வயரில் சாதாரண பல்பு டெஸ்டரை வைத்தால் அது அதிக மின்சாரத்தை இழுக்கும். 10 மெகாஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். ஓம் அளக்கும்போது மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். வயரின் உறையைக் குத்தி அளந்தால் ஈரம் புகுந்து உள்ளே அரிக்கும். கனெக்டரின் பின்பக்கமாக அளப்பதே முறை. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களைத் தொடவே வேண்டாம்.

பற்றவைப்பு காயிலில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் என்ஜின்களில் அழுத்தம் 1000 பார் (அழுத்த அலகு) அளவுக்கு மேல் போகும். கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதும் உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அப்புறம், குறியீட்டை அழிப்பதற்கு முன் உறைநிலைப் பதிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுது பதிவான நேரத்தில் என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.