தொலைந்த உறவுகளைத் தேடிய விளம்பரங்களை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் தங்கள் வேரைத் தேடிப் புறப்படும் பலர் 1870-இல் முட்டி நின்றுவிடுகிறார்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் பெயரோடு பதிந்த முதல் கூட்டரசுக் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. ஒரு தாய் அங்கே ‘40, பெண், கறுப்பு’ என்ற ஒற்றை வரி.

அந்தச் சுவரைத் தாண்டப் பட்டியல்களைவிட, பிரிந்தவர்களே சொன்னதை வாசிப்பது நல்லது. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ இதழ் 1879 முதல் ‘லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பகுதியை நடத்தியது. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, தம்பியைத் தேடுவோர் அதில் விளம்பரம் கொடுத்தார்கள்; சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். போதகர்கள் அதைத் தேவாலயத்தில் உரக்க வாசிக்க வேண்டும் என்று இதழே கேட்டுக்கொண்டது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்தது. எத்தனையோ பேருக்குக் காதால் கேட்பதுதான் வாசிப்பு. ஆகவே நீங்களும் முதல் தடவை வாய்விட்டே வாசியுங்கள்.

இரண்டாம் முறை பேனாவோடு உட்காருங்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை: உறவினர் பெயர்கள், ஊர், கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போல), பிரிந்த விதம், இவற்றுக்கும் மேலாக உடைமையாளர்களின் வரிசை: யாரிடமிருந்து யாருக்கு விற்றார்கள் என்பது. பலர் தவறுவது இங்கேதான். குடும்பப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். கடைசி உடைமையாளரின் பெயர், முதலாமவரின் பெயர், தகப்பன் பெயர், தானே தேர்ந்துகொண்ட பெயர் என எதுவும் குடும்பப்பெயராகியிருக்கலாம். உடன்பிறந்த இருவருக்கே வேறுவேறாக இருக்கலாம். எழுத்துக்கூட்டலும் எழுதியவரின் காதுக்கு எட்டியபடிதான். வயதில் ஐந்தாண்டு முன்பின் விட்டுத் தேடுங்கள்.

கவுண்டி தெரிந்தால் 1870 கணக்கெடுப்பில் நீங்கள் தேடும் குடும்பத்தின் வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துக் குடும்பங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர்கள் பெரும்பாலும் அருகருகேதான் குடியிருந்தார்கள். பிறகு, விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளைப் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பிறந்த இடம், துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார் என்று அந்தப் படிவம் கேட்டது. சில பக்கங்களில் பழைய உடைமையாளர் பெயரும் உண்டு.

1936–38-இல் அரசுத் திட்டமொன்றின்கீழ் பதிவான, முன்னாள் அடிமைகளின் 2,300-க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கூற்றுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலம். முதியவர் ஒருவர் ‘எஜமான் நல்லவர்’ என்று சொல்லியிருந்தால், எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

உடைமையாளர் பெயர் உறுதியானால், அவரது உயிலும் சொத்துப் பட்டியலும் கவுண்டி நீதிமன்றத்தில் கிடைக்கலாம். 1865-க்கு முன் உங்கள் முன்னோரின் பெயர் எழுத்தில் தெரியும் இடம் பெரும்பாலும் அதுதான். பெயருக்கு நேரே டாலரில் விலையும் போட்டிருக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் முதல்நாளே தனியே வாசித்துவிடுங்கள்.