கோழி மொத்தமாகச் செத்தால் யாரிடம் சொல்வது, என்ன கிடைக்கும்?

பறவைக் காய்ச்சல், வெறிநோய், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), நிபா, எலிக்காய்ச்சல் எல்லாமே விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்கள். இவற்றை எதிர்கொள்ள இந்தியாவில் சட்டம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, நிதியும் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அத்தனையும் அசையத் தொடங்குவது மாடோ கோழியோ வளர்ப்பவர் வாய் திறந்த பிறகுதான். வாய் திறந்தால் என்ன கிடைக்கும், மறைத்தால் என்ன போகும் என்பது வளர்ப்பவர்களில் பலருக்குச் சொல்லப்படவே இல்லை. இந்த விளக்கம் அவர்களுக்காக.

அடிப்படைச் சட்டம், 2009ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். மத்தியச் சட்டம் என்பதால் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். அதன் அட்டவணையில் அடைப்பான், பறவைக் காய்ச்சல், வெறிநோய், புருசெல்லோசிஸ் எனும் கருச்சிதைவு நோய், நிபா எனப் பல நோய்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. தன் விலங்குக்கு இவற்றில் ஒன்று வந்திருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. நோய் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். தகவல் அங்கிருந்து கால்நடை மருத்துவருக்குப் போகும். நடைமுறையில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு நேரே போவதும், 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைப்பதும் விரைவான வழிகள். அந்த எண்ணில் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கு மத்திய அரசும் பணம் தருகிறது. ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது கணக்கு.

தெரிவித்த பிறகு நோயுற்ற விலங்கைத் தனியே கட்டிவைப்பதும், மற்ற மந்தையோடு மேய விடாமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளரின் கடமை. மீறினால் முதல் முறைக்கு அபராதம் 1,000 ரூபாய் வரை. செத்த விலங்கை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ போட்டால் தனித் தண்டனை உண்டு. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை என்றே நினைக்கிறேன். சொல்ல வைக்கக்கூடியது இழப்பீடு. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரு கொட்டகையில் கோழிகள் திடீரென்று கொத்துக் கொத்தாகச் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறது, தலை வீங்கியிருக்கிறது, முட்டை சட்டென்று குறைந்துவிட்டது. இது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளைக் கழிச்சல் எனும் வேறொரு கோழி நோயாகவும் இருக்கலாம்; பார்வைக்கு இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். அவர் செத்த கோழிகளையும், உயிருள்ள கோழிகளின் தொண்டை மற்றும் ஆசனவாய்ச் சளியையும் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார். இறுதியாக உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம்.

அங்கிருந்து பறவைக் காய்ச்சல் என்று பதில் வந்துவிட்டால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொற்றுப் பகுதியாகும். அதற்குள் இருக்கும் பண்ணைக் கோழி, வாத்து, புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழி எல்லாம் அழிக்கப்படும். அதற்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. கோழி, முட்டை, தீவனம், எருவின் போக்குவரத்து நிறுத்தப்படும். அழிக்கும் பணியில் இறங்குவோர் உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடை அணிவார்கள். தடுப்பு மருந்தாக ஓசெல்டாமிவிர் மாத்திரையும் அவர்களுக்குக் கொடுக்கப்படும். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். நம் பக்கத்திலேயே ஆலப்புழையின் வாத்துப் பண்ணைகள் பலமுறை இதைக் கண்டிருக்கின்றன. மனிதருக்குத் தொற்றுவது அரிது, ஆனால் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகையால் இந்தியாவில் முதல் மனித மரணம் 2021இல் பதிவானது. இறந்தது ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன்.

இழப்பீட்டை மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. அழிக்கப்படும் பறவைக்கும், முட்டைக்கும், தீவனத்துக்கும் அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல்படி பணம் உண்டு. முட்டைக்கோழி, கறிக்கோழி, வாத்து என வகைக்கும் வயதுக்கும் தக்கபடி தொகை மாறும். நான்கைந்து நாட்டுக்கோழி மட்டும் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் உயிரோடு இருந்து, அதிகாரிகளால் அழிக்கப்பட்ட பறவைகளுக்குத்தான் பணம். நோயில் தானாகச் செத்தவை கணக்கில் வராது. இரண்டாயிரம் கோழிகளில் ஐம்பது செத்தவுடன் சொல்பவருக்கு மீதி முழுவதற்கும் இழப்பீடு கிடைக்கும். "பார்க்கலாம்" என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டவருக்கு எண்ணிக் காட்டக் கோழியே மிஞ்சாது. இரவோடு இரவாகச் சந்தைக்கு ஏற்றியவர் தன் பணத்தையும் இழந்து, நோயை அடுத்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையும் தெரிகிறது. கோழி போனதற்குப் பணம் வரும். மறுபடி குஞ்சு விட அனுமதி கிடைக்கும்வரை கொட்டகை காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு வராது. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. இதையும் சேர்த்துக் கொடுத்தால் மறைப்பவர்கள் குறைவார்கள். பல்லடம் பக்கம் போல நிறுவனம் குஞ்சும் தீவனமும் தர, விவசாயி கொட்டகையும் உழைப்பும் தரும் இடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அழிக்கப்படும் கோழிக்கான தொகை யாருக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். தினசரி முட்டை எண்ணிக்கை, குஞ்சு வாங்கிய ரசீது, தீவன ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்; எண்ணிக்கையில் தகராறு வந்தால் அவைதான் சாட்சி.

மாட்டுக்கு வந்தால் கதை வேறு. நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய ரத்தம் கசிந்தால் அடைப்பான் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். தோலுரிக்கக் கூடாது, கறி போடக் கூடாது, அறுத்துப் பார்க்கவும் கூடாது. உடல் திறந்து காற்றுப் பட்டால் கிருமி விதை போன்ற வடிவம் எடுத்து, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மருத்துவர் காது நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் மட்டும் எடுப்பார். பிறகு ஆறடிக்குக் குறையாத குழியில், சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். இதற்கான தடுப்பூசியை ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட அரசுக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. முன்பு நோய் கண்ட ஊர் என்றால் ஆண்டுதோறும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசி, 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே முறை. அந்த வயது தாண்டினால் வாய்ப்பு போய்விடும். ஊசி போட்ட கன்றின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்படும். காய்ச்சாத பாலும், கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதும் மனிதருக்கு இந்த நோயைக் கொண்டுவரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும்.

வௌவாலுக்கும் குரங்குக்கும் உரிமையாளர் இல்லை. 2009 சட்டம் தடுமாறுவது இங்கேதான். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் படுத்தபோது மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரி அனுப்பியதால்தான் வௌவாலிடமிருந்து பரவும் நிபா வெளியே தெரிந்தது. அப்போது 17 பேர் இறந்தார்கள். இப்படி மனித மருத்துவம், கால்நடை, வனம் என்று பிரிந்து கிடக்கும் துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் தேசிய ஒருங்கிணைந்த சுகாதார இயக்கம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்நின்று நடத்தும் இதற்கான தேசிய நிறுவனம் நாக்பூரில் அமைகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் ராஜஸ்தானின் அஜ்மீரில், விலங்கிலிருந்து பரவும் நோய் வெடித்ததாக வைத்துக்கொண்டு எல்லாத் துறைகளும் சேர்ந்து ஒத்திகை பார்த்தன. நல்ல தொடக்கம். ஆனால் ஒத்திகை மாவட்டந்தோறும் நடக்க வேண்டும் என்பேன். காட்டோர ஊர்களில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1957இல் கர்நாடகத்தின் சிமோகாவில் முதலில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல், குரங்குச் சாவில்தான் முதலில் தலைகாட்டும்.

கடைசியாக, நாய்க்கடி. 2030க்குள் நாயால் பரவும் வெறிநோயை ஒழிக்க 2021இல் தேசியச் செயல்திட்டம் வெளியானது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட வேண்டாம். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில். ஒன்றையும் தவறவிடக் கூடாது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. "இங்கே இல்லை" என்று சொன்னால், எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டோடு அன்றே அங்கே போங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாள் தாண்டிவிட்டால் அந்த மருந்து போடுவதில்லை. முன்பே முழுத் தவணையும் போட்டுக்கொண்டவர் மறுபடி கடிபட்டால் 0, 3ஆம் நாட்களில் ஊசி போட்டால் போதும். பழைய சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.