“சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன்” என்று வரும் மாணவர்களிடம் நான் கேட்பது

மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு ஆலோசனை சொல்வது என் பணி. சொந்தத் தொழில் என்று வருபவரிடம் “என்ன ஐடியா?” என்று நான் முதலில் கேட்பதில்லை. “இதுவரை யாருக்காவது எதையாவது விற்றிருக்கிறீர்களா?” என்றுதான் கேட்பேன்.

ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது என்று உளவியலாளர் ஐசெக் அய்சென் 1991-இல் விளக்கினார்: அதன்மேல் உள்ள விருப்பம், நெருங்கியவர்கள் என்ன சொல்வார்களோ என்ற நினைப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. விருப்பத்துக்கு மாணவர்களிடம் குறைவில்லை. தடுமாற்றம் நம்பிக்கையில்தான். தானே செய்து ஜெயித்த அனுபவமே அதற்கு வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதினார். பிறர் சொல்லும் ஊக்கவார்த்தைக்கு அவ்வளவு வலு இல்லை. கல்லூரிகளோ ஊக்க உரைகளுக்கே அதிக நேரம் ஒதுக்குகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது முதலீடு மட்டுமல்ல. கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் போனதையும், மறுநாள் அப்பா வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பியதையும் பார்த்தே வளர்கிறார்கள். நஷ்டம் வந்தாலும் வாழ்க்கை நின்றுவிடாது என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதை யாராவது காட்டித்தர வேண்டும்.

அப்படியானால் பாடத்திட்டத்திலேயே தொழில் நடத்தவைத்தால் போதுமா? நெதர்லாந்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பழகும் கட்டாயப் பயிற்சியை ஆராய்ந்து, 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. பயிற்சிக்குப் பிறகு தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது! பலர் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இருபது வயதில், கடன் எதுவும் வாங்காமல், “இது எனக்கு ஒத்துவராது” என்று தெரிந்துகொள்வது பெரிய லாபம். அப்படிச் சொல்லும் மாணவரைக் கோழை என்று ஆசிரியர்கள் நினைக்க வேண்டாம்.

வேலை கிடைக்காததால் தொழில் என்று வருபவர்களும் உண்டு. அதில் குற்றமில்லை, ஆனால் அவர்களிடம் கையிருப்பைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவேன்.

அனுபவமுள்ள தொழில்முனைவோர் எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட எவ்வளவு இழந்தால் தாங்கலாம் என்று பார்த்தே இறங்குகிறார்கள் என்று தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001-இல் எழுதினார். அதனால் என்னிடம் வரும் ஒவ்வொருவரையும் அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். ஒரு மாணவி அதை வீட்டில் காட்டினார். அதுவரை ஒத்துக்கொள்ளாத அவருடைய அப்பா தொகையைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? ஒரு வருஷம் செஞ்சு பாரும்மா” என்றாராம்.