கெளுத்தியின் மூக்கில் கட்டியா? முதலில் தொட்டியைப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஒருவர், தம் மீனுக்கு மூக்கில் புற்றுநோய் வந்துவிட்டதாகக் கலங்கிப்போய், மீன் மருத்துவரான என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். நான்கடித் தொட்டியில் ஒன்றரை அடி நீளப் பங்காசியஸ் கெளுத்தி ஒன்று தனியாகக் கிடந்தது. மேலுதட்டுக்குச் சற்று மேலே சுண்டைக்காய் அளவில் வெளிறிய தடிப்பும், அதன் நடுவே சிவந்த புண்ணும் இருந்தன. கண்ணாடியின் உட்புறமெங்கும் பச்சைப் பாசி படர்ந்திருக்க, வலப்பக்க மூலையில், மீனின் மூக்கு படும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. மாதக்கணக்கில் அதே இடத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன தோலைத்தான் அவர் கட்டி என்று நினைத்திருந்தார்.

கடைகளில் விரல் நீளக் குஞ்சாக, 'ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படும் இந்த மீன் சுறா அன்று. மேக்கொங், சாவோ பிரயா ஆறுகளுக்கு உரிய, ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய கெளுத்தி. கூட்டமாக நீந்திப் பழகிய இனம் என்பதால் தனியே விடப்பட்டால் எளிதில் மிரளும்; இருட்டறையில் திடீரென்று விளக்கைப் போட்டாலே பாய்ந்துபோய்க் கண்ணாடியில் மோதிக்கொள்ளும். தொட்டிகளில் வளர்க்கப்படும் இன்னொரு கெளுத்தியான, அமேசானின் சிவப்புவால் கெளுத்திக்கு வரும் காயங்கள் வேறு விதமானவை. அடியில் படுத்துக் கிடக்கும் அந்த மீன் ஹீட்டரின் மேல் சாய்ந்து விலாவில் தீப்புண் வாங்கிக்கொள்ளும், கரடுமுரடான சரளையில் மீசை தேய்ந்து குட்டையாகும், கூழாங்கல்லையும் விழுங்கிவிடும்.

இந்த இரண்டு மீன்களுக்கும் உடலில் செதில் கிடையாது. தோலும் அதன் மேலுள்ள வழவழப்பான கோழையும் மட்டுமே அவற்றுக்குக் கவசம் என்பதால், செதிலுள்ள மீன்களுக்குச் சொல்லப்பட்ட அளவில் மலாக்கைட் பச்சை என்னும் சாய மருந்தையோ செம்பு கலந்த மருந்தையோ ஊற்றினால், புண்ணை விட மருந்தே அதிகத் தீங்கு செய்யக்கூடும். மேலோட்டமான சிராய்ப்பாக இருந்தால், மீன் கழிவால் நீரில் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இருக்கும் சுத்தமான நீரும், லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை படிப்படியாகச் சேர்க்கப்படும் அயோடின் கலக்காத உப்புமே பெரும்பாலும் போதுமானவை. பஞ்சு போல வெள்ளையாகத் தெரிவது நீர்ப்பூஞ்சை. அது பெரும்பாலும் ஏற்கெனவே புண்பட்ட தோலில்தான் குடியேறும்.

எல்லாக் கட்டியும் உரசலால் வருவதன்று. தொட்டியின் குறையைச் சரிசெய்த பிறகும் வளர்ந்துகொண்டே போகும் கட்டி, பூக்கோசு போல மேற்பரப்பு பிளவுபட்ட கட்டி, தொட்டாலே இரத்தம் கசியும் கட்டி ஆகியவற்றை ஐயத்தோடுதான் அணுக வேண்டும். கெளுத்திகளுக்கு உண்மையான புற்றும் வரும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிளாக் ஆற்றின் பழுப்புக் கெளுத்திகளிடம் உதட்டிலும் கல்லீரலிலும் கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டன. ஆற்றில் கழிவைக் கலந்துவந்த ஆலை (நிலக்கரியிலிருந்து கோக் என்னும் எரிபொருளைத் தயாரித்தது) 1983-இல் மூடப்பட்ட பின் வந்த ஆண்டுகளில் கல்லீரல் கட்டிகள் குறைந்தன. மீன் வாழும் நீரையும் அடிப்படிவையும் நாங்கள் இவ்வளவு துருவிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தயவுசெய்து வீட்டில் பிளேடால் அறுக்காதீர்கள். கிராம்பு எண்ணெயை அளந்து கலந்த நீரில் மயக்கமூட்டி, செவுளுக்குத் தொடர்ந்து நீர் பாய்ச்சியபடி கட்டியை அகற்றி, திசுவை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை; வெட்டியெடுத்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டால் அது என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நாட்பட்ட புண்ணோ முடிச்சோ உள்ள மீனைக் கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரி, கையிலுள்ள சிறு கீறல் வழியாக மனிதத் தோலிலும் புண்ணை உண்டாக்கும். பிடிப்பதற்கு வலை கூடாது. பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கி, அதை விடுவிக்கும் போராட்டத்திலேயே புதிய காயங்கள் வந்துவிடும். நீருக்குள்ளேயே பெரிய பிளாஸ்டிக் தொட்டியை அமிழ்த்தி, மீனை நீரோடு சேர்த்து எடுப்பது நல்லது.

அந்தப் பங்காசியஸுக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. உரிமையாளர் அதை உறவினரின் பண்ணையிலிருந்த இருபதடி சிமென்ட் தொட்டிக்கு, அதே இன மீன்களோடு மாற்றினார். ஆறு வாரத்தில் புண் மூடியது. தடிப்பு பாதியாகச் சுருங்கியது, முழுவதும் மறையவில்லை. அவர் வீட்டிலிருந்த காலித் தொட்டியைக் கழுவும்போது, அந்தப் பளிச்சென்ற மூலையை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.