மாட்டுக்கு மெடிக்கல் கடை வலி ஊசி போடுகிறவர்களுக்கு

கன்று போட்ட மறுநாள் கறவை மாடு படுத்துக்கொண்டால், நம்ம பக்கத்தில் முதல் ஃபோன் மாட்டு டாக்டருக்கு வருவதில்லை. மெடிக்கலில் வலி ஊசி வாங்கி, போடத் தெரிந்த யாரையாவது வைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான், "டாக்டரய்யா, மாடு எந்திரிக்க மாட்டேங்கு" என்று கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் காது சில்லிட்டிருக்கும், மூக்கு காய்ந்திருக்கும், கழுத்தை விலாப் பக்கம் மடித்து வைத்திருக்கும். இது வலியே இல்லை. பால் இறங்கிய வேகத்தில் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோனதுதான். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். பாட்டில் தீரும் முன்னே உடம்பு நடுங்கும், ஏப்பம் வரும், சாணி போடும். பல மாடுகள் அப்போதே எழுந்து நின்றுவிடும்.

ஏற்கெனவே போட்ட அந்த வலி ஊசி பெரும்பாலும் டைக்குளோஃபினாக். மாட்டுக்குப் போட 2006-லேயே தடை செய்யப்பட்ட மருந்து. காரணம், பிணந்தின்னிக் கழுகுகள். ஊசி போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் இதைக் கண்டுபிடித்தபோது, இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகள் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தன.

நெல்லை அருகன்குளத்தில் ஜடாயு தீர்த்தம் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம். ஆனாலும் "கழுகு போனா நமக்கென்னய்யா" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் கால்நடைத் துறையிலிருந்து வரவில்லை, பொருளாதார ஆய்விலிருந்து வந்தது. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024-ல் வெளியிட்ட கட்டுரையில், கழுகுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் முன்பே இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். கழுகு அழிந்த இடங்களில் மனிதச் சாவு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. தின்ன ஆளில்லாமல் அழுகிய மாடுகள் தண்ணீரைக் கெடுத்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநோய் கூடியது என்று காரணம் சொல்கிறார்கள்.

தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான 30 மில்லி பாட்டில் மாட்டுத் தொழுவத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் 2015-ல் அதை ஒருவேளைக்கான 3 மில்லியாகச் சுருக்கினார்கள். நம்ம ஆட்கள் விடுவார்களா, நாலைந்தாக வாங்கி உடைத்து ஒரே சிரிஞ்சில் ஏற்றுகிறார்கள்! அசிக்குளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்தும் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்குளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும், கீட்டோபுரோஃபென் என்ற மற்றொரு வலி மருந்தையும் மாட்டுக்குப் போட 2023-ல் தடை செய்தார்கள்.

வலி நிஜமாகவே இருந்தால், மடிநோயிலும் அடிபட்ட காலிலும் இருக்கத்தான் செய்யும், மெலாக்சிகாம் இருக்கிறது. கழுகுகளுக்குக் கொடுத்தே சோதித்துப் பார்த்த மருந்து. நன்றாகக் கேட்கும், விலையும் கட்டுப்படியாகும். எவ்வளவு என்பதை மாட்டின் எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

மாடு செத்துவிட்டால் மலையடிவாரத்திலோ குளத்தங்கரையிலோ இழுத்துப் போடாதீர்கள். நாய் தோண்ட முடியாத ஆழத்தில், கிணற்றுக்குத் தள்ளிப் புதையுங்கள். மாடு படுத்ததுமே 1962 என்ற எண்ணுக்கு ஃபோன் அடித்தால் நடமாடும் கால்நடை வண்டி வரும். வருகிறவரிடம், அதற்குள் என்ன ஊசி போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலி மருந்துக் குப்பியை எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.