கரண்ட் போனால் முதலில் எங்கே பார்ப்பது, யாரிடம் சொல்வது?

கோலாலம்பூரில் மாலை மழை இடியோடு இறங்கினால் ஏதாவது ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், விளக்கு அணைவது வழக்கம்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது இன்னும் அதிகம். அணைந்த உடனே நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் ஸ்டூலைப் போட்டு ஏறி மெயின் சுவிட்சைத் தட்டுவார்கள். முதலாவது நல்ல பழக்கம். இரண்டாவதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பழுது மீட்டருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெருக் கம்பியிலிருந்து மீட்டர் வரை உள்ளது மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் போகும் வயர், டி.பி. பாக்ஸ் (மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் உள்ள பெட்டி), சுவிட்ச், பிளக் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. யாரை அழைப்பது, யார் செலவு, எதை நாம் தொடலாம் என்பதெல்லாம் இந்த எல்லைக்கோட்டை வைத்துத்தான் முடிவாகும். உள் வயரிங் கோளாறுக்குத் தெனாகாவை அழைத்துக் காத்திருந்து, கடைசியில் "வயர்மேனைக் கூப்பிடுங்கள்" என்று கேட்டுக்கொள்வதில் ஒரு ராத்திரியே போய்விடும்.

சரி, எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னல் வழியாக அக்கம்பக்கத்தைப் பாருங்கள். தெருவே இருட்டாக இருந்தால் வெளிப்பழுது, சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது என்பதை மட்டும் வைத்து "நம்ம வீட்டில்தான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெரஸ் வீடுகளுக்கு மின்சாரம் மூன்று ஃபேஸ்களாக, அதாவது மூன்று தனித்தனி லைன்களாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு ஃபேஸ் மட்டும் போனால், உங்கள் வீடு இருட்டாகவும் இரண்டு பக்கமும் வெளிச்சமாகவும் இருக்கலாம். செந்தூலிலோ கெப்போங்கிலோ ஒரே வரிசையில் இரண்டு, மூன்று வீடு தள்ளித் தள்ளி இருட்டாக இருந்தால் அது இந்த வகை. அதனால் ஒரு வீட்டைப் பார்த்து நிறுத்தாமல் வரிசை முழுவதையும் பாருங்கள்.

தெருவில் எல்லோருக்கும் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், அடுத்து டி.பி. பாக்ஸ். கை ஈரமாக இருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கட்டும், வெளிச்சத்துக்கு டார்ச் லைட். தரையில் தண்ணீர் நின்றாலோ, பாக்ஸிலிருந்து கருகல் வாடையோ சடசடப்போ வந்தாலோ கிட்டவே போகாதீர்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் பெரிதாக, 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய வயர்மேன்கள் இதை ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். மின்சாரம் எங்கேயோ கசிந்தால் ஆளைக் காப்பாற்ற இது தானாக விழும். அது விழுந்திருந்தால், முதலில் வரிசையாக உள்ள சின்ன பிரேக்கர்கள் அத்தனையையும் கீழே இறக்கிவிட்டு இதை மேலே தூக்குங்கள். நின்றால், சின்னவற்றை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது பெரியது மறுபடி விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதில் செருகியிருக்கும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரோ, பழைய ஃபிரிட்ஜோ, மழை நனைந்த வெளி விளக்கோதான் மாட்டும். சின்னவை எல்லாம் கீழே இருக்கும்போதும் பெரியது நிற்க மறுத்தால் நம் கைவேலை அதோடு முடிந்தது. விடாமல் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சுருஹான்ஜாயா தெனாகாவில், அதாவது எரிசக்தி ஆணையத்தில், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்பது இந்த விஷயத்தில் நல்ல யோசனை அல்ல.

அந்த 'டி' பொத்தானை மாதம் ஒரு தடவை, கரண்ட் இருக்கும்போதே அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழுந்தால் நல்லது. விழவில்லையென்றால் மாற்ற வேண்டும். பல வீடுகளில் குடியேறிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லை.

முற்றிலும் அணையாமல் பாதியில் நிற்கும் கோளாறுகளைத்தான் நான் அதிகம் பயப்படச் சொல்வேன். விளக்கு மங்கலாகி, ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மின்னழுத்தம் விழுந்திருக்கிறது. ஏர்கானையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும். சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் அது இன்னும் மோசம். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கலாம். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட்டு. இந்தக் கோளாறில் அது எங்கேயோ ஏறிப்போய், டிவியும் மோடமும் புகைந்துவிடும். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் புகார் செய்யுங்கள்.

வெளிப்பழுது என்றால் எண் 15454. இது தெனாகா நேஷனலின் மின்தடைப் புகார் எண், 24 மணி நேரமும் உண்டு. தீபகற்ப மலேசியாவுக்கு மட்டும்தான் இது. சபா, சரவாக்கில் வேறு நிறுவனங்கள். கைபேசியில் தெனாகாவின் மைதிஎன்பி (myTNB) ஆப் இருந்தால் அதிலேயே புகார் போடலாம். முன்னறிவிப்போடு நடக்கும் பராமரிப்பு வேலையா என்பதையும் அதில் பார்க்கலாம். பில் பாக்கியால் துண்டித்திருந்தாலும் ஒரு வீடு மட்டும் இருட்டாகும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும்தான், ஆனாலும் அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

அழைக்கும் முன் பில்லில் உள்ள 12 இலக்கக் கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருந்தால் இருட்டில் பில்லைத் தேடி அலைய வேண்டாம். எத்தனை மணிக்குப் போனது, ஒரு வீடா தெரு முழுவதுமா, வெடிச்சத்தமோ தீப்பொறியோ இருந்ததா, வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம்போல மின்சாரத்தை நம்பியிருக்கும் நோயாளி இருக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசுவதாக இருந்தால் "ரூமா சாயா தியாடா எலெக்ட்ரிக், சத்து லோரோங் கெலாப்" என்றால் போதும், வீட்டில் கரண்ட் இல்லை, லோரோங் (சந்து) முழுக்க இருட்டு என்பது புரிந்துவிடும். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "யாராவது சொல்லியிருப்பாங்க" என்று பத்து வீட்டாரும் இருந்துவிட்டால் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுக்குமாடி என்றால் முதல் அழைப்பு கீழே உள்ள நிர்வாகத்துக்கோ காவலாளிக்கோ. லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, தண்ணீர் பம்ப்பெல்லாம் அவர்கள் கணக்கில் ஓடுபவை. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் கதவை நெம்ப வேண்டாம். அலாரத்தை அழுத்தச் சொல்லிவிட்டு நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள், அவர்களால் முடியவில்லையென்றால் 999.

மரம் விழுந்து அறுந்த கம்பி தரையில் கிடந்தால், தெருவே இருட்டாக இருந்தாலும் அதில் மின்சாரம் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். நனைந்த தரை வழியாகவும் பாயும். பிள்ளைகளை விலக்கிவிட்டு, தூரத்திலிருந்தே 15454-க்குச் சொல்லுங்கள். தீயோ, அடிபட்டவரோ இருந்தால் 999. கரண்ட் பிடித்திருப்பவரை வெறும் கையால் இழுக்காதீர்கள், அடிபட்டவர் இரண்டு பேராகிவிடும். தெருவோர பென்ச்சாவாங்கின், அதாவது துணை மின்நிலையத்தின், கதவு திறந்து கிடந்தாலும் எட்டிப் பார்க்க வேண்டாம். மீட்டரில் உள்ள சீலை உடைப்பதும் வேண்டாம். மீட்டரில் கைவைப்பது 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின்படி குற்றம்.

வெள்ளம் வேறு கதை. தண்ணீர் ஏறும்போது தெனாகா தானே முன்வந்து சில பென்ச்சாவாங்குகளை அணைத்துவிடும். அப்போது "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்பதில் அர்த்தமில்லை. வீட்டுக்குள் நீர் வருவதற்கு முன்பே மெயினை அணையுங்கள். வடிந்த பிறகு, நனைந்த பிளக்குகளை வயர்மேன் பார்க்கும்வரை தூக்காதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அதைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கே கரண்ட் கொடுப்பது, தெருவில் கம்பியைச் சரிசெய்யும் ஊழியரின் உயிரோடு விளையாடுவது.

இருட்டு நேரத்தில் கதவைத் தட்டி, "தெனாகாவிலிருந்து வருகிறோம், பழுதுபார்க்கக் காசு கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, 15454-இல் கேட்டு உறுதிசெய்த பிறகு கதவைத் திறங்கள். கையில் ரொக்கம் கொடுக்க வேண்டாம். போனில் வரும் இணைப்பை அழுத்தச் சொன்னாலும் அழுத்த வேண்டாம்.

அடிக்கடி போகிறது, புகார் செய்தும் சரியாகவில்லை என்றால், தேதி, நேரம், புகார் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு முதலில் தெனாகாவுக்கே எழுத்து மூலம் கொடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே தாளோடு சுருஹான்ஜாயா தெனாகாவுக்குப் போகலாம். மின்விநியோகச் சேவைத் தரத்தைக் கண்காணிப்பது அவர்கள்தான்.