புரோமிலியாட் வளர்ப்பு: செடி எங்கே நீர் குடிக்கிறது?

காவிரிப் படுகையில் தோட்டக்கலை ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பகுதி வீடுகளிலிருந்து புரோமிலியாட் என்ற அழகுச்செடி குறித்து வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றேதான்: நன்றாக இருந்த செடியின் நடுக்குருத்து, தொட்டு இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. விசாரித்தால், நர்சரியில் வாங்கிய செடியை வயல் மண்ணும் தொழு உரமும் கலந்த தொட்டிக்கு மாற்றி, செம்பருத்திக்கு ஊற்றுவதுபோல் தினமும் அடியில் நீர் ஊற்றியிருப்பார்கள். நம் களிமண் வாங்கிய நீரை எளிதில் விடாது. காற்றோட்டமற்ற அந்த ஈரத்தில் வேரும் அடித்தண்டும் அழுகிவிடுகின்றன.

புரோமிலியாட்கள் அடங்கிய புரோமிலியேசி குடும்பத்தில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஓர் இனத்தைத் தவிர ஏனைய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த அன்னாசியும் இக்குடும்பத்துச் செடிதான். அது மண்ணில் வேரூன்றி வளர்வது. நியோரெகெலியா, ஏக்மியா, குஸ்மானியா, பில்பெர்ஜியா போன்றவற்றின் இயல்பு வேறு. இவற்றில் பல, காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. இலைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று தழுவி நடுவில் அமைக்கும் கிண்ணத்தில் மழைநீரைத் தேக்கி, இலைப்பரப்பிலுள்ள நுண்செதில்கள் வழியாக அதை உறிஞ்சுகின்றன. மாமரத்துப் புல்லுருவியைப் போல இவை மரத்தின் சாற்றை எடுப்பதில்லை. பிடிமானத்துக்கு மட்டுமே கிளை. இதே குடும்பத்து டில்லான்ட்சியாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிண்ணமும் கிடையாது. இலைமேல் படும் ஈரமே அவற்றுக்குப் போதும்.

ஆகவே கிண்ண வகைகளுக்குத் தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, உடைத்த ஓடு ஆகியவை கலந்த, நீர் உடனே வடியும் வளர்ப்பு ஊடகமே ஏற்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மட்டைக்குப் பஞ்சமில்லை. உப்பு நீங்க இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசினால் போதும். நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊடகம் காய்ந்த பிறகு மட்டும் அதை லேசாக நனைக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்குமானால், கிண்ணத்தில் உப்பு படிந்து இலைநுனி கருகும். சேமித்த மழைநீரே அங்கு நல்லது. சித்திரை, வைகாசி வெயில் நேரடியாகப் படாமல் நிழல்வலையோ தென்னை நிழலோ வேண்டும். ஆனால் நியோரெகெலியாவை அடர்ந்த இருட்டில் வைத்தால் அதன் சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும்.

இனி, பலர் கேட்கத் தயங்கும் கேள்விக்கு வருகிறேன்: இந்தக் கிண்ணத்தில் டெங்குக் கொசு வளராதா? வளரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த, சிறிய தேக்கத்தைத்தான் நாடுகிறது. நம் தட்பவெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தாயகக் காடுகளில் இக்கிண்ணம் தவளைகளுக்கும் பூச்சிகளுக்கும் வீடு. ஜமைக்காவில் ஒரு நண்டினம் தன் குஞ்சுகளையே இதில் வளர்க்கிறது. நம் வீட்டு மாடியில் அந்தக் குடியிருப்பாளர்கள் இல்லை, கொசு மட்டும் உண்டு. நீரை ஊற்றிக் கவிழ்ப்பதும் போதாது, ஏனெனில் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கிண்ணச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறையேனும் குழாய்நீரை வேகமாகப் பாய்ச்சிக் கிண்ணத்தையும் இலையிடுக்குகளையும் அலசுவதே முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிண்ணம் தானாகவே நிரம்பும் என்பதால் அந்த மாதங்களில் இதைத் தவறவிடக் கூடாது. மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ விடுவது நுண்செதில்களை அடைத்துச் செடியைக் கொல்லும். செடி எண்ணிக்கை அதிகமுள்ளவர்கள், புழுவை மட்டும் அழிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைப் பயன்படுத்தலாம். வாரம் ஒருமுறை அலச நேரமில்லாதவருக்குக் கிண்ண வகையை நான் பரிந்துரைப்பதில்லை. கிண்ணமில்லாத கிரிப்டாந்தஸ் அல்லது டில்லான்ட்சியா போதும்.

டில்லான்ட்சியாவைக் காலையில் நனைத்து, தலைகீழாக உதறி, சில மணி நேரத்தில் காயும் இடத்தில் வைக்க வேண்டும். இவை கரியமில வாயுவை இரவில்தான் உள்ளிழுக்கின்றன. இரவில் இலைமேல் நீர்ப்படலம் நின்றால் அது தடைபடும்.

தாமிரத்தை எந்த வடிவிலும் இவற்றின் அருகே கொண்டுவர வேண்டாம். வெற்றிலைக் கொடிக்கால்களிலும் தென்னையிலும் பயன்படும் போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகியவை இச்செடிகளுக்கு நஞ்சு. பக்கத்துத் தோட்டத்தில் தெளிப்பு நடக்கும் நாளில் செடிகளை உள்ளே எடுத்துவைப்பது நல்லது. டில்லான்ட்சியாவைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதும் அதே தீங்கைத் தரும்.

பூத்த செடி சில மாதங்களில் வாடத் தொடங்கும்போது பதறித் தொட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வாழையைப் போலவே தாய்ச்செடி ஒருமுறை பூத்து, பக்கக்கன்றுகளை விட்டுவிட்டு மறையும். பூத்த நிலையிலேயே விற்கப்படும் குஸ்மானியாவை வாங்குபவர் இதை அறிந்தே வாங்க வேண்டும். இலைநிறமே அழகான நியோரெகெலியாதான் தொடக்கநிலையினருக்கு என் தேர்வு. கன்று தாயின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை எட்டியபின் கூரிய, சுத்தமான கத்தியால் பிரித்து, வெட்டுவாய் ஓரிரு நாள் உலர்ந்த பிறகு நடலாம். அடைமழை மாதங்களில் வெட்டுவாய் உலராது. தை, மாசி வரை காத்திருந்து பிரிப்பது பாதுகாப்பானது.